பாக்கெட்டுக்கு மேலே கொஞ்சம் இடம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதை வழக்கம்போல ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல் இருமல் நின்றதா, முழங்கால் வலி எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தனித்தனியாக எழுது. உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். இப்போதும் கடையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நல்ல பகல் வேளை, கூட்டம் இல்லை, ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் வாசலுக்குப் போய் எதிரே முகாம் கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, காவலுக்கு நிற்பவன் கொட்டாவி விடுகிறான்.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. இரண்டு நாள் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். இருபத்து நான்கு வருஷம் ராணுவத்தில் ரேஷன் ஸ்டோரில் மூட்டைகளோடு இருந்த மனுஷர், அவர் எப்போது பேசினார் இப்போது நிறுத்துவதற்கு. பின்னறையில் ஒழுகின இடத்துக்குத் தகடு அடித்தோம், இப்போது அதற்கு ஒரு அடி தள்ளி ஒழுகுகிறது. பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் உன்னை விசாரித்தார், அவர் சொன்ன ஒரு சேதி உண்டு, அதையும் எழுதத்தான் போகிறேன். ஒரே நேரத்தில் எல்லாம் வாய்க்கு வருகிறது, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன்.

நீ எழுதியதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா பார். நீ பயிற்சி கொடுக்கும் ராணுவக் கம்பெனியில் அறுபது பேர், போர்முனைக்குப் போய் வந்தவர்கள் நீயும் கேப்டனும் மட்டும். நெஞ்சில் போர்முனை பேட்ஜோடு நீ மெஸ்ஸில் போய் உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த ஒருவன் அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான், நீ தட்டோடு எழுந்து போய்விட்டாய். அன்றைக்கே பிளேடால் பேட்ஜைப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டாய். போகாதவர்கள் நடுவில் அதை மாட்டிக்கொண்டு திரிவது பீற்றிக்கொள்வதாக இருக்கிறது என்கிறாய். சார்ஜென்டோ அது யூனிஃபார்மில் ஒரு பகுதி, அதைப் பார்த்தால்தான் புதியவர்கள் நீ சொல்வதைக் காதில் வாங்குவார்கள், திரும்பத் தை என்கிறார். அம்மா நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். இருபது வருஷமாக முகாம் வாசலில் பேட்ஜ் தைக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாயாக்கும்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, "எங்களை மாதிரி போகாத ஆளுங்களுக்காகக் கழட்டுறான்னா எங்களைப் பார்த்து இரக்கப்படுறான்னு அர்த்தம். அதுக்கு அவன் போட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றார். பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இரண்டு மாதம் முன்பு நீ லீவில் வந்தாயே, யூனிஃபார்மோடு உள்ளே நுழைந்தபோது அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நீ குனிந்து பையை இறக்கிக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு எழுந்து நிற்கிறாரே என்று எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் என்னவோ போல் ஆகிவிட்டது. பிள்ளையைப் பார்த்து எழுந்தாரா பேட்ஜைப் பார்த்து எழுந்தாரா என்று இன்று வரை நான் கேட்கவில்லை, கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாரா.

தொழில்காரியாகச் சொன்னால், நீ கழற்றியும் பிரயோஜனம் இல்லை. வெயிலில் சட்டை வெளுக்கும், பேட்ஜுக்கு அடியில் இருக்கிற துணி வெளுக்காது. நீ பிரித்த இடத்தில் பேட்ஜ் அளவுக்கு அடர் பச்சையாய் ஒரு கட்டம் தெரியும், அதைச் சுற்றி வரிசையாய் ஊசித் துளை தெரியும். எத்தனை சட்டை பார்த்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு யாருக்கும் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். முன்பு அறுபது பேரும் பேட்ஜைப் பார்த்தார்கள், இப்போது அது ஏன் இல்லை என்று பார்க்கிறார்கள்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் நல்ல பதிலாக இருந்திருக்கும். நேற்று மத்தியானம் சின்னவன் வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முகாம் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்குப் புதுச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், பெயர்ப் பட்டி தைக்கக் கொண்டுவந்தான். பேட்ஜ் இல்லாதவர்களுக்குப் பட்டியைப் பாக்கெட்டுக்கு இரண்டு விரல் மேலே தைப்பதுதான் வழக்கம், பேட்ஜ் இருப்பவர்களுக்குப் பாக்கெட்டை ஒட்டித் தைத்துவிட்டு மேலே இடம் விடுவேன், உனக்குத் தெரியும். நான் சாக்பீஸால் இரண்டு விரல் மேலே கோடு போட்டேன். அவன் அந்தக் கோட்டைக் கையாலேயே அழித்துவிட்டு, "பட்டியைப் பாக்கெட்டை ஒட்டித் தைச்சிரும்மா, மேல கொஞ்சம் இடம் இருக்கட்டும்" என்றான். இல்லாத பேட்ஜுக்கு எதற்குடா இடம் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. போர்முனைக்குப் போகிற அடுத்த குழுவுக்கு மெக்கானிக் வேண்டுமாம், கட்டாயம் ஒன்றும் இல்லையாம், விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாமாம், இவன் கொடுத்துவிட்டான். இருபத்தெட்டாம் தேதி பட்டியலை மூடுகிறார்கள். அதுவரை பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதற்கப்புறம் அவன் நினைத்தாலும் முடியாது. எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான், மிஷின் ரிப்பேர், இப்போது தைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏன் இப்படிச் செய்தான் என்று இங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை. போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பக்கத்துக் கடைக்குப் போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்து முடியோடு திரும்பி வந்தான். கூட்டமா என்றதற்கு ஆமாம் என்றான். கடைக்காரர்தான் பிறகு என்னிடம் சொன்னார். பேட்ஜ் போட்டவர்கள் வந்தால் மற்றவர்கள் எழுந்து தங்கள் முறையைக் கொடுத்துவிடுகிறார்களாம், எந்தச் சட்டத்திலும் இல்லை, யாரும் கேட்பதும் இல்லை, ஆனாலும் எழுந்துவிடுகிறார்களாம். சின்னவன் மூன்று தடவை எழுந்தானாம். நான்காவது ஆள் வேண்டாம் தம்பி நீ உட்கார் என்றானாம், அதற்குத்தான் இவன் முகம் கறுத்து வெளியே வந்துவிட்டானாம். போதாததற்கு ஒர்க்‌ஷாப்பில் இவனை யாராவது விசாரித்தால், அண்ணன் தம்பி இரண்டு பேரில் பேட்ஜ் உள்ளவனா இல்லாதவனா என்றுதான் கேட்கிறார்களாம். என் வயிற்றில் பிறந்த இரண்டையும் அடையாளம் சொல்ல இதுதானா கிடைத்தது.

அவர்களைத் திட்டி என்ன, ஆரம்பித்து வைத்தது நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நீ லீவில் வந்த மறுநாள் துவைக்க எடுத்த சட்டையில் அந்த பேட்ஜைப் பார்த்தேன். பச்சைத் துணியில் கறுப்பு நூல், கோணல்மாணலாய்த் தைத்திருந்தாய். ஒரே துளையில் ஆறேழு தடவை ஊசி போயிருந்தது, ஒரு பக்கம் துணியைச் சேர்த்து இழுத்திருந்தது, மூலையில் விரலைக் குத்திக்கொண்ட ரத்தக் கறை. எட்டு வயசில் என் மடியில் உட்கார்ந்து பித்தான் தைக்கப் பழகியவன் நீ, நூல் பிடித்த மாதிரி தைப்பாய். என்னடா இது, தையல்காரி மகன் தைத்த லட்சணமா என்று கேலி செய்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கை நிக்கலம்மா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். பதினொரு மாதம் போர்முனையில் இருந்துவிட்டு வந்து நீ அந்த இடத்தைப் பற்றி என்னிடம் சொன்னது இரண்டே விஷயம், அங்கே தூசி அதிகம் என்பதும் இதுவும். இரண்டாவதை நான் காதில் வாங்கவே இல்லை. இப்போது பார் எப்படி நேராக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே உன் தையல் முழுவதையும் பிரித்தேன், கறையைக் கழுவினேன், பச்சை நூல் போட்டு மிஷினில் நான்கு பக்கமும் கச்சிதமாய் ஓட்டினேன். அதோடு விட்டேனா, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு, நெஞ்சுப் பக்கம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி கடை வாசல் கம்பியில் மூன்று நாள் தொங்கவிட்டேன். முகாமுக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். சின்னவன் மூன்று நாளும் சாயங்காலம் வந்து அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் நின்றுதான் என்னோடு பேசினான். பெருமையில் நிற்கிறான் என்று நினைத்தேன்.

அவன் பார்த்தது என் தையலைத்தான், உன் தையலை அவன் பார்க்கவே இல்லை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வாங்கிய மெடல் மாதிரி அவனுக்கு அது தெரிகிறது. உன் கை எதற்காக நிற்கவில்லை, தைக்கும்போது யாரை நினைத்துக்கொண்டிருந்தாய், அன்றைக்கு என்ன நடந்தது, எதுவும் அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே நூலை நானே பிரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, நடுவில் ஒருவர் பேண்ட் நீளம் குறைக்க வந்தார், கண்ணில் தூசி என்று அவரிடமும் ஒரு பொய் சொன்னேன்.

அதனால் நீ கேட்டதற்கு என் பதில் இது. பேட்ஜைப் பெட்டியிலிருந்து எடு. உன் கையாலேயே தை, முகாம் தையல்காரரிடம் கொடுக்காதே. நேராக வந்தால் வரட்டும், கோணினால் கோணட்டும், பிரித்துத் திருத்தாதே. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தொடச் சொல். அவன் ஏதாவது கேட்பான், கேட்டால் எழுந்து போகாமல் சொல்லு. போட்டுக்கொள்வதா கழற்றுவதா என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை, நீ வாயை மூடிக்கொண்டு போட்டாலும் வாயை மூடிக்கொண்டு கழற்றினாலும் பார்க்கிறவன் தனக்குத் தோன்றியதை நினைத்துக்கொள்கிறான், என் வீட்டிலேயே ஒருவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இது வேலைக்கு ஆகாத யோசனை என்று தோன்றினால் அதையும் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்த அறுபது பேருக்கும் முன்னால் உன் தம்பிக்குச் சொல்லு. போனில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் பின்னால் வரிசை நிற்க உன்னால் பேச முடியாது, அவனும் பெருமையாகச் சேதியைச் சொல்லுவான், நீயும் வாழ்த்திவிட்டு வைத்துவிடுவாய். உட்கார்ந்து எழுது. போகாதே என்று எழுதச் சொல்லவில்லை. உன்னை அனுப்பி வைத்தவள்தானே நான், அவனைத் தடுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. உன் கை ஏன் நிற்கவில்லை என்று மட்டும் எழுது. அதைப் படித்த பிறகும் அவன் போகிறேன் என்றால் பட்டியைப் பாக்கெட்டை ஒட்டியே தைத்துக் கொடுக்கிறேன். முடிதிருத்தும் கடை பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் அவன் போகக் கூடாது, அதுதான் எனக்கு வேண்டியது. இன்றைக்குத் தேதி பதினேழு. இது உன் கைக்கு வர நாலு நாள், உன் கடிதம் அவன் கைக்கு வர நாலு நாள், நடுவில் நீ யோசிக்க இரண்டு நாள் விட்டிருக்கிறேன், அதற்கு மேல் யோசிக்காதே.

இன்னொன்று, சிரிக்காதே. மிஷின் ரிப்பேர் என்று யாரிடம் சொல்லியிருக்கிறேன் பார், ஒரு மெக்கானிக்கிடம். இன்று காலை டியூட்டிக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, சாயங்காலம் டூல்ஸோடு வந்து பார்க்கிறேன்மா, கவலைப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் கத்தரியை எடுத்து மிஷின் பெல்ட்டை நானே வெட்டிவிட்டேன். இருபது வருஷம் நமக்குச் சோறு போட்ட மிஷின். வெட்டின பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், உன் தம்பியும் இருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்வதை நான் பார்க்க வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தலையை ஆட்டித்தான். ஈரக் காலுறையோடு ஷூவைப் போடாதே. தேதியை மறக்காதே, இருபத்தெட்டு. பெல்ட் மாற்ற அவனுக்குப் பத்து நிமிஷம் போதும்.

இப்படிக்கு,
உன் சட்டையை நேராக்கிய
அம்மா