கூத்தவைக்குப் புதிய நாதக்கலம் ஏற்றது குறித்து

மலைகளும் ஆறுகளும் அரணாய் நிற்கும் மணிவரை நாட்டின் மாவேந்தர், வடபுலம் வென்ற வயங்கர் பெருமான், எல்லைப் பாசறையில் வீற்றிருக்கும் திருமுன்பு, நெடுமதில் நகரில் அவர்தம் ஆணைமுத்திரை தாங்கி அரசு செலுத்தும் கோப்பெருந்தேவி நல்லினி விடுக்கும் ஓலை. படைஞர் நலமுடன் இருக்க. குதிரைகளுக்குப் புல்லும் நீரும் குறையாதிருக்க. தங்கள் தோட்புண் ஆறி, நல்லுறக்கம் தங்களை நாடி வருக. இங்கே ஏரிகள் நிறைந்துள்ளன. மகள் நலம். இவ்வோலையை எழுத்தரிடம் சொல்லி எழுதுவிக்க மனம் வரவில்லை. என் கையாலேயே எழுதுகின்றேன்.

அரண்மனைக் கூத்தவையின் நாதக்கலத்தைப் பற்றித் தாங்கள் கேட்டிருந்தீர்கள். மேடைக்கு அடியில் புதைந்திருந்து, கூத்தர் குரலையும் முழவின் ஒலியையும் வாங்கி, செப்புக்குழல்களின் வழியே அவையைச் சுற்றிலும் உள்ள ஒலிவாய்களுக்கு அனுப்பும் அந்த வெண்கலக் கலம், தங்கள் தந்தையார் காலத்தில் வார்க்கப்பட்டது. ஒரு காலத்தில் குதிரைகள் நம் முதுகுக்குப் பின்னால் ஓடிவருவது போலவும், மழை கூரையிலிருந்தே இறங்குவது போலவும் அதில் கேட்டோம். இப்போது இடி இடித்தால் முறம் தட்டுவது போல் கேட்கிறது. கூத்தர் தொண்டை கிழியப் பேசினாலும் பின்வரிசைக்கு எட்டுவதில்லை. தென்றீவுக் கம்மியர் தலைவர் உத்தரங்கர் புதிய கலமொன்றைக் கப்பலில் கொண்டுவந்திருக்கும் செய்தி அறிந்து, அதனை ஏற்றுக்கொள்ளுமாறும், பழையதை அன்றே உருக்கி, அதில் ஒரு துண்டும் எஞ்சாமல் செய்யுமாறும் எழுதியிருந்தீர்கள்.

நான் அவ்வாறு செய்யவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நம் மகன் இளவேழன் ஆற்றுத்துறையில் பகைவரை எதிர்த்து வீழ்ந்தான் என்று தாங்கள் வந்து சொன்ன மழைக்காலத்துக்குப் பின், ஒரு பிற்பகலில் ஆளில்லாத கூத்தவையில் அவன் வழக்கமாக அமரும் இடத்தில் போய் அமர்ந்தேன். வடமதிலை ஒட்டிய சுவரில், இடப்புறத்துக் கடைசி ஒலிவாயின் அருகே உள்ளது அவ்விருக்கை. மேடையில் எவரும் இல்லை. ஆயினும் அந்த ஒலிவாயிலிருந்து, வாயில் துணி பொதிந்தவர் பேசுவது போல் ஒரு முனகல் வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரல் விளங்கியது. பெற்றவளுக்கு அது விளங்காமல் போகுமா? அன்றுமுதல் நாள்தோறும் சென்றேன். மகளை ஒருமுறை அழைத்துச் சென்று கேட்கச் சொன்னேன். காற்றின் ஒலிதான் அம்மா என்றாள். ஆனால் முற்றத்தைக் கடக்கும்வரை என் கையை விடவில்லை.

எனவேதான் பழைய கலமே போதும் என்று உத்தரங்கருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் நேரில் வந்து, வற்புறுத்த வரவில்லை என்றும், பழைய குழல்களிலேயே தம் கலத்தை ஒரு நாள் பொருத்திக் காட்டுவதாகவும், இரண்டையும் கேட்டபின் பழையதே இனிதெனத் தோன்றினால் மனக்குறையின்றிக் கப்பலேறுவதாகவும் பணிவுடன் கூறினார். விழா நெருங்கிக்கொண்டிருந்தது, கூத்தரும் வருந்திக் கேட்டுக்கொண்டனர். இசைந்தேன்.

பெருமானே, அக்கலத்தின் திறத்தை மறைக்க மாட்டேன். மழைக்காட்சி வந்தபோது நான் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். முதிய பாடினி பாடலின் இடையே மூச்சு வாங்குவதும் கேட்டது. மகள் இத்தனை மாதங்களுக்குப் பின் சிரித்தாள். கூத்து முடிந்ததும் அனைவரையும் அனுப்பிவிட்டு, மகனின் இருக்கையில் தனியே அமர்ந்தேன். பழைய கலத்தோடு அவனும் போயிருப்பான் என்று நினைத்து அழுவதற்கு ஆயத்தமாயிருந்தேன்.

அவன் போகவில்லை. துணியை விலக்கியது போல் தெளிவாகப் பேசினான். தந்தையே, நான் இளவேழன், கதவைத் திறக்கச் சொல்லுங்கள் என்றான். குதிரை வீழ்ந்துவிட்டது, நடந்தே வந்தேன் என்றான். பகைவர் பின்னால்தான் வருகிறார்கள், ஆயினும் திறந்து மூடப் பொழுது இருக்கிறது என்றான். பிறகு மரத்தில் கை மோதும் ஓசை. பிறகு, கொற்றவேள் மாமா, நீங்களாவது சொல்லுங்கள் என்றான். பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். அக்குரலில் சினம் இல்லை. வீட்டுக்குக் காலம் தாழ்ந்து வந்த பிள்ளையின் குரலாகவே இருந்தது.

வடவாயிற் காவலர் தலைவர் கொற்றவேளை அழைப்பித்து, ஒன்றும் கேளாமல் அவ்விருக்கையில் அமர்த்தினேன். தம் பெயர் ஒலித்ததும் அவர் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தார். தாங்கள் அன்று மதில்மேல் நின்றதையும், கதவு திறந்தால் நகரம் போய்விடும் என்று தாங்கள் மறுத்ததையும், தாம் தங்கள் காலைப் பற்றி மன்றாடியதையும், பகைவர் பின்வாங்கியபின் வாயிலடியில் கிடந்த உடலை ஆற்றுத்துறைக்குக் கொண்டுபோய்க் கிடத்தியதையும், எவரிடமும் சொல்வதில்லையெனத் தாம் தங்கள் வாளைத் தொட்டுச் சூளுரைத்ததையும் அழுதுகொண்டே கூறினார்.

முத்திரை தாங்குபவளாகச் சொல்கின்றேன்: அன்று தாங்கள் செய்தது தவறென என்னால் தீர்ப்பளிக்க இயலவில்லை. இந்நகரத்தில் இன்று அடுப்பு எரியும் ஒவ்வொரு வீடும் அந்த மூடிய கதவால் பிழைத்தது. அவ்விடத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அறியேன். ஆனால் தாங்கள் மதிலிலிருந்து இறங்கி வந்து, அவன் ஆற்றின் கரையில் நெஞ்சில் புண்பட்டு வீழ்ந்தான் என்றீர்கள். நான் அந்த ஆற்றை வணங்கினேன். திங்கள்தோறும் அங்கே போய்ப் பூத்தூவினேன். அவன் கிடந்த இடமோ என் அறையிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. இதனை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கலத்தை உருக்கச் சொன்னதன் பொருளும், போர் ஓய்ந்தபின்னும் தாங்கள் பாசறையைவிட்டு வாராமலிருப்பதன் பொருளும் இப்போது எனக்குத் தெரியும். தாங்களும் முன்பே அவ்விருக்கையில் அமர்ந்து அக்குரலைக் கேட்டிருக்கிறீர்கள்.

ஆதலின் ஆணையிட்டுள்ளேன். புதிய நாதக்கலம் ஏற்கப்பட்டது. உத்தரங்கர் தக்க சிறப்புப் பெற்றுக் கப்பலேறினார். பழையது தாங்கள் விரும்பியவாறே உருக்கப்பட்டது. கொற்றவேளின் மேல் குற்றமில்லை. அவரைத் தாங்கள் எவ்வாறும் தண்டித்தலாகாது. வடவாயிற் கதவுகள் இரண்டையும் கழற்றிவிட்டோம். தாங்கள் வரும்வரை கூத்தவையில் கூத்து நிகழாது.

இவ்வோலை கண்டதும் படையை விட்டு, தாங்கள் மட்டும் அவ்வாயில் வழியே வருக. வந்து அவ்விருக்கையில் அமர்க. நான் அவனுக்குப் பலமுறை மறுமொழி சொல்லிப் பார்த்துவிட்டேன். அவன் அழைப்பது என்னை அல்ல.

மணிவரை நாட்டு ஆணைமுத்திரை பொறித்து, என் கையால் கட்டி விடுத்தேன். இதனை மறுக்க வேந்தருக்கும் உரிமையில்லை.