எங்கட ரத்தத்தில் வந்தது என்று சொன்ன மதினிக்கு

பாசத்துக்குரிய மதினி, உங்கள் கப்றை, அந்த மண்ணறையை, அல்லாஹ் விசாலமாக்கி வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

உங்கள் தம்பி மகள், என் ஹனா, பாடசாலை வலைப்பந்துக் குழுவில் சேர்ந்துவிட்டாள். நேற்று விளையாட்டு முடிந்து, கூட்டாளிகளோடு கைகோர்த்துக்கொண்டு சாய்ந்தமருது வீதியில் நடந்து வந்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மூன்று வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து போனதும் கன்னம் சிவந்தது. பிறகு காதுக்குப் பின்னால், முதுகில், கால்களில் என்று உடம்பு முழுக்கத் தடித்துச் செதில் செதிலாக உரிந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளினாலே அழுவாள். பாலர் பாடசாலையில் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளி உட்கார வைத்தார்கள். இது தொற்றாது என்று நான் எத்தனை பேரிடம்தான் சொல்வேன்?

வெளியாட்கள் சொன்னதைவிட வீட்டுக்குள் வந்த பேச்சுத்தான் என்னை வாட்டியது. உங்கள் உம்மா, என் மாமி, மருதமுனையிலிருந்து வரும்போதெல்லாம் ஒன்றையே கேட்பார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இறால் தின்றாயா, கணவாய் தின்றாயா? கண்ணூறு என்று ஓதிய தண்ணீரும் கொடுத்துப் பார்த்தோம். களிம்பு பூசினால் அடங்கும், விட்டால் முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும். நான் தின்றதுதான் பிள்ளையைத் தின்கிறதோ என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

தோல் கிளினிக்கில் டாக்டர் அம்மா இதற்கு சொரியாசிஸ் என்று பெயர் சொன்னார். இவ்வளவு சின்ன வயதில், இவ்வளவு கடுமையாக வந்தால் பரம்பரையில் இருக்கக்கூடும், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். என் பக்கத்தில் இல்லை என்றேன். தங்கள் பக்கத்திலும் ஆருக்கும் இல்லை என்றார் மாமி. ஹனாவை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். எப்போதும் போல நீளக் கையும் கறுப்புக் கையுறையும் போட்டிருந்தீர்கள். அதை மார்க்கப் பேணுதல் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தபோது மாமி பேச்சை எடுத்தார். இந்த வீட்டில் இருந்தால் மகனுக்கும் நிம்மதி இல்லை, எங்களை விட்டுவிட்டு அவர் கொஞ்சக் காலம் தன்னோடு வந்து இருக்கட்டும் என்றார். என் உம்மாவின் முகம் செத்துப்போனது. உங்கள் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ ஹனாவின் தலையைத் தடவியபடி, இனி என் வாழ்க்கை இவ்வளவுதான் என்று இருந்தேன்.

நீங்கள் ஆண்களையெல்லாம் முன்விறாந்தைக்குப் போகச் சொன்னீர்கள், தம்பியை மட்டும் இருக்கச் சொன்னீர்கள். கையுறையைக் கழற்றி, சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டினீர்கள். ஹனாவின் முதுகில் இருந்த அதே சிவப்பு, அதே வெள்ளைச் செதில்.

"உம்மா, இஞ்ச பாருங்க. இது எங்கட ரத்தத்தில வந்த. நிஹாரா திண்டதால வந்த இல்ல."

மாமி திடுக்கிடவில்லை. குரலைத் தாழ்த்தி, "சபீனாட கலியாணப் பேச்சு நடக்கிற நேரத்தில இத ஏன் காட்டுறாய் மகள்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, மாமிக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று.

"என்ட மகளுக்கு மாப்பிள்ள பிறகும் கிடைக்கும். இந்தப் புள்ளைக்கு இப்ப மருந்து கிடைக்கணும்."

அதைக் கேட்டதும் உங்கள் தம்பிதான் எழுந்து வந்து, காதுக்குப் பின்னால் தலைமுடியை விலக்கிக் காட்டினார். சின்ன வயதிலிருந்து பொடுகு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது பொடுகே இல்லை. அவருக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபடி கிளினிக்குக்குப் போனபோது டாக்டரிடம் நீங்களே கையைக் காட்டினீர்கள். உங்கள், தம்பியின், ஹனாவின் என்று மூன்று பேரின் ரத்தத்தையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் ஆறுதலாக எல்லாம் விளங்கப்படுத்தினார். பெரும்பாலானவர்களுக்கு இந்த வருத்தம் பல மரபணுக்கள் சேர்ந்து வருவதாம். உங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு மரபணுவில் உள்ள சின்ன மாற்றமே போதுமாக இருந்திருக்கிறது. அந்த மாற்றம் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சேர்ந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. தம்பிக்குக் காதுக்குப் பின்னால் மட்டும், உங்களுக்குக் கை முழுக்க, ஹனாவுக்கு உடம்பெல்லாம். தொண்டை நோவு அதைக் கிளப்பிவிட்டதே தவிர, உண்டாக்கவில்லை. அவர் பேசப் பேச நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கையுறை இல்லாத கை.

எந்த மரபணு என்று தெரிந்ததால்தான் எந்த ஊசி பலன் தரும் என்று டாக்டரால் யோசிக்க முடிந்தது. மதினி, நீங்கள் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் களிம்பு மாற்றிக் களிம்பு பூசிக்கொண்டிருப்போம். முதல் சில ஊசிகளுக்குப் பிறகு ஹனாவின் முதுகைத் தடவி, "பட்டு மாதிரி இரிக்கி" என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குள் சபீனாவின் சம்பந்தம் குழம்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வேறொரு காரணம் சொல்லி அனுப்பினார்கள். சபீனா சில நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நீங்களோ ஒன்றும் நடக்காதது போல ஸ்கூலுக்குப் போய்க் கணக்குப் பாடம் எடுத்தீர்கள். தனியாக இருந்து அழுதீர்களா? ஒரு நாளாவது என்னை மனதுக்குள் கோபித்தீர்களா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்டு என்ன செய்ய?

சம்மாந்துறைச் சம்பந்தம் வந்தபோது, பலகாரத் தட்டைத் தொடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். அந்த மாப்பிள்ளையின் உம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கட வீட்டில எல்லாருக்கும் சீனி வருத்தம் இரிக்கி, நாங்களும் சொல்லத்தானே வேணும்" என்றார். நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சபீனாவின் கலியாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள், அல்ஹம்துலில்லாஹ். நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. இந்த வருத்தம் தோலோடு நிற்காது, இருதயத்தையும் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் இப்போது எங்களுக்குச் சொல்கிறார். உங்கள் தம்பியை நான் விடுவதில்லை, இழுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதிக்க வைக்கிறேன்.

மாமி என்னிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு பின்னேரம் ஹனாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர், சீப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உன்ட மதினிக்கு நான் மருந்து தேடல்ல, மாப்பிள்ள தேடினன்" என்றார். பிறகு நெடுநேரம் அழுதார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

ஹனாவுக்கு முற்றாகச் சுகம் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் தொண்டை கட்டினால் கன்னத்தில் லேசாகச் சிவக்கும். "மாமியிட்ட இருந்து வந்த" என்று உங்களைக் குறித்துக் கூட்டாளிகளிடம் அவளே சொல்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வெட்கம் இல்லை.

சபீனா இப்போது பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளைக்கும் வருமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் மருந்து இருக்கிறது என்றாராம். பயமாக இருக்கிறது என்று என் தோளில் சாய்ந்தாள்.

அவள் பிரசவத்துக்குப் போகும் நாளில் உங்கள் இடத்தில் நான் நிற்பேன், மதினி. பிள்ளையின் தோல் எப்படி இருந்தாலும், முதலில் கையில் வாங்கி முத்தம் கொடுப்பது நான்தான்.

உங்கள் தம்பி பெண்சாதி, உங்களுக்கு இன்னொரு தங்கச்சி,
நிஹாரா