மேட்டில் மட்டும் வந்த சத்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், நம் பழைய காரும் இப்போது நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்து எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததைப் போனில் சொன்னேன், அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அவர் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. இவர் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். ஒருநாள் ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக டகவென்று சத்தம். நாலாவது கியர்லயே மேடு ஏத்தினா அது அழாம என்ன செய்யும் என்று என் மேல் பாய்ந்தார். மூன்றாவதுக்கு மாற்றினேன், குறைந்ததே தவிர நிற்கவில்லை. எதிர்வீட்டு டெய்லர் வேறு, இன்ஜின் போச்சுங்க, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணும் போச்சு, வண்டியும் போச்சு, இனி நான் எதுக்கு என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவரை வம்படியாகக் காரில் ஏற்றி மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன். சத்தம் எப்போ வருது என்று அவர் கேட்டதும் சீட்டில் சாய்ந்து கிடந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நிக்கும்போது வராது, மேட்டுல ஆக்சிலரேட்டரை மிதிச்சா மட்டும்தான் என்று அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். இன்ஜின் பேரிங் போயிருந்தா நிக்கும்போதே தட்டும், இது அது இல்லைங்க, பயப்படாதீங்க என்றார் மெக்கானிக். ஆயில் சரியாக இருந்தது. பிளக் வெந்துபோயிருந்தது, உள்ளே கார்பன் படிந்திருந்தது, பிளக் பொறி விடுகிற டைமிங்கும் நகர்ந்திருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, மேட்டுல அம்மா கியரையும் கொஞ்சம் முன்னாடியே மாத்தணும் என்றார். நான் அப்பவே சொன்னேனே என்கிற மாதிரி உங்கப்பா முகத்தைப் பார்க்கணுமே!

திரும்பும்போது அதே மேடு. சத்தமே இல்லை. ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், வாயைத் திறந்தபடி தூங்குகிறார். அடுத்தவர் ஓட்டும்போது கண்ணைக்கூட மூடாத மனுஷன். எழுப்ப மனசில்லாமல் இன்னும் இரண்டு தெரு சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் காரும் பழசுதான். சத்தம் வந்தால் முதலில் ஆயிலைப் பார். நிற்கும்போதே தட்டினால் ஓட்டிப் பார்க்காதே, மாப்பிள்ளை ஒண்ணுமில்ல என்றாலும் கேட்காதே. இருவரும் நிறைவாக வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது காரைப் பற்றி அப்பாவிடம் கேள். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, அந்த டக டக சத்தத்தையும் போட்டுக் காட்டி அவரே சொல்லட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா