ரப்பர் வைக்காத சைலன்சர்

பாவா,

இன்று காலை வண்டி முழுக்கப் பெயிண்ட் கருகும் நாற்றம். புதுச் சைலன்சர் மாட்டியிருக்கிறார்கள். முதல் முதலாகச் சூடேறும்போது மேலே பூசின கறுப்பு எரிந்து வாடை வரத்தான் செய்யும். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பள்ளிப்பட்டுக்குப் போகிற பெண்களுக்குத் தெரியுமா? முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வண்டி எரியுது, நிறுத்துங்க கண்டக்டரே" என்று ஒரே கூப்பாடு. "எரியலம்மா, புதுப் பைப்பும்மா" என்று சொல்லிச் சொல்லி கே.ஜி.கண்டிகை வருவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

திரும்பி வந்து ஷெட்டில் உட்கார்ந்தபோது உங்கள் பழைய பைப் மூலையில் கிடந்தது. கரி டிரம்மைப் போன மாதமே கழற்றிவிட்டார்கள். இப்போது மறுபடியும் பெட்ரோல் வண்டி. பழைய பைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுந்து வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. உங்களைக் கட்டின அக்காவிடம் பேசலாம் என்றால் உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

யுத்தம் வந்தது, பெட்ரோல் போனது. வண்டிக்குப் பின்னால் ஆள் உயர டிரம் ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, அந்தப் புகையில் ஓட்டச் சொன்னார்கள். காலையில் டிரம்மைப் பற்றவைத்து விசிறி சுற்றுவது என் வேலை. முருகன் கோயிலுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து, "இது பஸ்ஸா, பட்டறையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில்தான் உங்கள் காதும் போக ஆரம்பித்தது. எதனால் என்று யாருக்குத் தெரியும். முதலில் இடது காது, பிறகு இரண்டும். முகத்தைப் பார்த்துக் கத்தினால் புரியும். முதுகுக்குப் பின்னால் யார் கூப்பிட்டாலும் தெரியாது.

அது நம் மூன்று பேரின் ரகசியம். உங்களுக்கு, அக்காவுக்கு, எனக்கு. முதலாளி காதுக்குப் போனால் வேலை போகும், லைசென்ஸும் போகும். ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றையும் தொட்டுப் பழகாதவர் நீங்கள். இரண்டு பெண் குழந்தைகள் வேறு. "காது போனா போவட்டும்டா, வண்டி போவக் கூடாது," என்று சாப்பிடும்போது சொல்வீர்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு உங்களுக்குக் குழம்பு ஊற்றுவாள்.

ஆனால் நம் வண்டியில் கியர் மாற்றுவதே காதால் செய்கிற வேலை. இஞ்சின் குரல் இறங்கும் நேரம் பார்த்துத் தள்ளினால் கியர் பேச்சில்லாமல் விழும். கொஞ்சம் தப்பினாலும் பல்லோடு பல் உரசி வண்டி அலறும். முன்பெல்லாம் உங்கள் கையில் கியர் விழுந்தது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடத் தெரியாது. அப்பேர்ப்பட்டவர் கியரை உரச ஆரம்பித்ததும் முதலாளி முகம் சுளிக்க ஆரம்பித்தார். "இன்னாய்யா, ராத்திரி தூக்கம் இல்லியா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். நான் டிக்கெட்டை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சைலன்சர் உளுத்துப்போய் நடு ரோட்டில் கழன்று விழுந்தது. புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. முதலாளி பட்டணத்துக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு பைப் கொண்டுவந்தார். ஒன்று ஒல்லி. இன்னொன்று மிலிட்டரி லாரியில் இருந்தது, என் முழங்கை பருமன். எதைப் போடுவது என்று ஷெட்டில் அன்று நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். பாதிதான் கேட்டிருக்கும், அதனால் நானே சொல்கிறேன்.

முதலாளிக்கு ஒல்லிப் பைப்தான் பிடித்திருந்தது. "ஊதுகுழல் வாய் சின்னதா இருக்கறதாலதானே காத்து வேகமா போவுது? புகையும் அதே மாதிரி வேகமா போய்டும்," என்றார்.

வண்டி ரிப்பேர் பார்க்கிற மிஸ்திரி பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "ஊதறவங்களுக்குக் கன்னம் வலிக்குமே, அதை யோசிச்சீங்களா? இங்க ஊதறது இஞ்சினு. புகை வெளிய போவாம உள்ளயே அடைச்சிகினு சூடேறி உக்காந்துடும். இஞ்சின் வாய் எவ்ளோ பெருசோ, பைப்பும் அவ்ளோதாங்க இருக்கணும்."

"பெருசைப் போடு," என்றீர்கள் நீங்கள்.

மிஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நைனா, நீயா சொல்ற? பெருசு போட்டா இழுப்பு போய்டும். புகை சாவகாசமா போவும், வண்டியும் அப்படியே போவும். கரி வண்டி, ஏற்கனவே மூச்சு வாங்கிகினு கீது. சத்தம் வேற ஊரைத் தூக்கும்."

"சத்தம் இருக்கட்டும்," என்றீர்கள். சத்தம்தான் உங்களுக்கு வேண்டும் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஓட்டுகிறவர் சொல்கிறார் என்று முதலாளியும் விட்டுவிட்டார்.

மாட்டின முதல் நாள் உங்கள் முகத்தை நான் மறக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து உங்களுக்கு இஞ்சின் கேட்டது. கியர் ஒவ்வொன்றும் பழையபடி விழுந்தது. அம்மையார்குப்பத்தில் தறியில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்து பார்த்தார்கள், வயலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நீங்கள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

ஆனால் மிஸ்திரி சொன்னதும் நடந்தது. மேடு வந்தால் வண்டி திணறியது. முன்பு மேட்டில் ஆம்பிளைகளை மட்டும் இறங்கி நடக்கச் சொல்வோம். இப்போது பெண்களும் இறங்கவேண்டி வந்தது. ஒரு நாள் நிறைமாசக்காரி ஒருத்தி, தலையில் புடவை மூட்டையோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். நான் மூட்டையை வாங்கிக்கொண்டேன். நீங்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினீர்கள். அன்று சாயந்திரம் ஷெட்டில் கை கழுவும்போது, "மாத்திடலாம்டா மச்சான். என் ஒருத்தன் காதுக்காக ஊரே நடக்குது," என்றீர்கள்.

நான் வேண்டாம் என்றேன். சின்னவளுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. இந்தச் சத்தமும் போனால் ஒரு மாதத்துக்குள் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. அதாவது, என் வாயைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டீர்கள்.

மறுநாள் மிஸ்திரி அந்தப் பெரிய பைப்பையே நீளவாக்கில் அறுத்து, சுருட்டி, இஞ்சின் வாய் அளவுக்குப் பற்றவைத்தார். மாட்டும்போது, பைப்பைத் தாங்குகிற பட்டைக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் வைக்கப் பழைய டயரில் ரப்பர் துண்டு வெட்டினார். அது இருந்தால்தான் அதிர்வு வண்டிக்குள் ஏறாது. நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ரப்பர் வேணாம் மிஸ்திரி. பட்டையை நேரா என் கால் பலகைக்கு அடியில முடுக்கு."

"பலகை உதறும் நைனா. சூடும் ஏறும்."

"ஏறட்டும்."

மிஸ்திரி உங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஆங்" என்று சொல்லிவிட்டுப் படுத்தவாக்கில் உள்ளே நகர்ந்து போனார். ரப்பர் துண்டு வெளியிலேயே கிடந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்தீர்கள். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சுற்று. இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. என் பக்கம் திரும்பி, "காலுல கேக்குதுடா," என்றீர்கள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு நீங்கள் செருப்புப் போட்டு ஓட்டவே இல்லை. பலகை சூட்டில் உள்ளங்கால் பொரிந்து தோல் உரியும். வெயில் காலத்தில் அக்கா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுவாள். "இது இன்னா பொழப்பு?" என்பாள். உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ, அடுத்த காலை நீட்டுவீர்கள்.

எனக்கும் அது சுலபமான பிழைப்பாக இல்லை, பாவா. இதை அப்போது உங்களிடம் சொன்னதில்லை. கால் பலகை உங்களுக்கு இஞ்சினைச் சொல்லும். பின்னால் வருகிற லாரியைச் சொல்லாது, குறுக்கே ஓடுகிற குழந்தையின் தாய் கத்துவதைச் சொல்லாது. அதெல்லாம் என் வேலை. பெல் அடிப்பதற்குப் பதில் உங்கள் சீட்டின் முதுகில் உதைப்பேன். ரயில்வே கேட் வந்தால் கேட் திறந்திருந்தாலும் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவேன். எவனாவது கேட்டால், "கரி வண்டிபா, தண்டவாளத்து மேல நின்னுட்டா?" என்பேன். வண்டி நிறைய ஜனம். ஏதாவது ஆகியிருந்தால் அவர்களுக்கு நாம் என்ன சொல்லியிருக்க முடியும்? ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் காவடிக் கூட்டத்துக்குப் பயந்து ஜுரம் என்று படுத்துவிடுவீர்கள். அன்று வேறு டிரைவர் வருவார். எனக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நிம்மதி. வீட்டுக்கு வந்து படுத்தால் கண்ணுக்குள் ரோடு ஓடும். அந்தக் களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

கடைசியில் காமாலை வந்து படுத்தீர்கள். இந்தத் தடவை நிஜமான ஜுரம். முதலாளி பார்க்க வந்தபோது அக்கா தலைமாட்டில் நின்று, அவர் கேட்டதையெல்லாம் உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னாள். அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள், "அவருக்கு ஒண்ணும் சந்தேகம் வரலியே?" அதற்குப் பிறகு நினைவு தப்பும் வரைக்கும் அதே கேள்விதான். "சொல்லிடாதடா மச்சான். எழுந்து வந்ததும் வண்டி எடுக்கணும்." எழுந்து வரவில்லை. குளிப்பாட்டும்போது உங்கள் காலை நான்தான் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் உள்ளங்காலில் இருந்த கறுப்பு போகவில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்கள் கருமாதிக்கு ரூட்டில் இருக்கிற எல்லா ஊரிலிருந்தும் ஜனம் வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நல்ல மனுஷன். பாவம், காதுதான் சுத்தமா போயிட்ச்சு. அதான் நாங்க யாரும் கூப்ட மாட்டோம். துண்டைத்தான் வீசுவோம்."

"எத்தினி நாளா தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்தச் சத்த வண்டி வந்துச்சே, அப்பவே. பசங்களை ரோட்டுப் பக்கம் வுடாதீங்கன்னு வூட்டுக்கு வூடு சொல்லிட்டோம்."

நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, நம் ரூட்டு ஜனம் மாதிரி மரியாதை எங்கும் இல்லை, ஒருத்தனும் கூச்சல் போட்டு வண்டியை நிறுத்த மாட்டான் என்று. அந்த மரியாதை இதுதான், பாவா.

நேராக முதலாளியிடம் போய், "உங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கே ஒருத்தனுக்கு ஜுரம் வந்தா எனக்குத் தெரியாதாயா? மிஸ்திரி வேற ரப்பரைக் கொண்டாந்து காமிச்சான். தெரியும்னு வாயைத் தொறந்து சொல்லிட்டேன்னா அப்பவே வண்டியை வுட்டு இறக்கணும். அதான் தெரியாத மாதிரி இருந்துகினேன். நீ ரயில்வே கேட்டுல இறங்கிப் பாக்கற வரைக்கும் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அது நம் மூன்று பேருக்கு மட்டும் தெரியாது. யாராவது ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்து, "தெரியும், பரவால்ல, ஓட்டு" என்று சொல்லியிருக்கக் கூடாதா? அக்காவிடம் சொன்னேன். அவள், "அவங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சிருந்தா, அவரு மறுநாளே சாவியைக் குடுத்துட்டு வந்திருப்பாரு," என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சாகும்போதுகூடப் பயந்துகொண்டே போனீர்களே.

புது டிரைவருக்கு நல்ல காது. சின்ன வயசு, கொஞ்சம் வாய். இன்று புதுப் பைப்பில் ரப்பர் வைத்திருக்கிறார்கள், கால் பலகை அசையவே இல்லை. அம்மையார்குப்பம் திருப்பத்தில் நாலைந்து பேர் வாயைத் திறக்காமல் துண்டை வீசிக்கொண்டு நின்றார்கள். அவன் பிரேக்கை மிதித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாண்ணா இது, இந்த ஊர்க்காரங்களுக்குக் கூப்டத் தெரியாதா? நானும் வந்த நாளா பாக்கறேன், எல்லாரும் ஊமை மாதிரி துண்டை ஆட்டிகினு நிக்கறாங்க."

"பழக்கம்பா," என்றேன். அவர்கள் ஏறினார்கள். நான் ரைட் கொடுத்தேன்.