இரண்டாவது என்சைம்

ஔந்த், புணே
4.2.1998

அன்புள்ள மாப்பிள்ளை பத்ரிநாத் அவர்களுக்கு,

1. இதை எழுதும் நான், விஸ்வேஸ்வரன், வயது ஐம்பத்திரண்டு, வங்கியொன்றில் சட்ட அதிகாரி, தங்கள் மனைவி சரசாவின் தமையன். இவை தாங்கள் அறியாதவையல்ல. ஆயினும் ஞாயிறன்று தொலைபேசியில் "எந்த விஸ்வேஸ்வரன்?" என்று மூன்று முறை கேட்டீர்கள். பிறகு "எதுவானாலும் எழுத்துல கொடுங்கோ" என்று வைத்துவிட்டீர்கள். எழுத்தில் கொடுக்கிறேன்.

2. சனிக்கிழமை, ப்ரீத்தியின் பள்ளி ஆண்டு விழாவில், நடனம் முடிந்த பின்னும் தாங்கள் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்போது மேடையில் தலைமையாசிரியை பேசிக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பெண் திரையை விலக்கித் தன் தகப்பனைப் பார்த்த பார்வையை நான் கண்டேன். தாங்கள் காணவில்லை.

3. பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில், ஒரு டப்பாவில் ஈயம் எத்தனை பங்கு என்று துல்லியமாகச் சொல்பவர் தாங்கள். நேற்று எத்தனை பெக் என்று கேட்டால் மட்டும் "சுமாராக" என்கிறீர்கள். வரும் புதன் காலை பத்து மணிக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியுள்ளேன். வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு சொல் போதும்.

தங்கள் நலம் நாடும்,
விஸ்வேஸ்வரன்


சாகண்
11.2.1998

மைத்துனர் அவர்களுக்கு நமஸ்காரம்.

இன்று புதன். மணி பதினொன்று. ஆகவே அந்த ஒரு சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் சட்டம் இருக்கிறது, கெமிஸ்ட்ரி இல்லை. நான் சொல்கிறேன். உள்ளே போவது எத்தனால். கல்லீரலில் ஒரு என்சைம் அதைப் பிடித்து அசிட்டால்டிஹைடு ஆக்கும். அதுதான் வில்லன், குமட்டல், படபடப்பு, மறுநாள் தலைவலியில் பாதி எல்லாம் அதன் கைங்கரியம். உடனே இரண்டாவது என்சைம் ஓடிவந்து அதை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். அதாவது, உங்கள் வீட்டில் ஊறுகாயில் ஊற்றும் வினிகர். கடைசியில் மிஞ்சுவது தண்ணீரும் கரியமிலவாயுவும். ஒரு பெக்குக்கு ஒரு மணி நேரம், ஏறக்குறைய. என் உடம்பு ஒழுங்காக வேலை செய்யும் தொழிற்சாலை. மேனேஜர் தேவையில்லை.

இன்னொன்று. மகாராஷ்டிர அரசு எனக்குக் கொடுத்த மது பர்மிட்டில், உடல்நலம் பேணுவதற்காக என்றுதான் அச்சிட்டிருக்கிறது. சட்ட அதிகாரி அரசாங்கத்தை மறுப்பாரோ?

சரசா சௌக்கியம். ப்ரீத்தி என்னோடு பேசுவதில்லை, பரீட்சை நேரம்.

பத்ரி


ஔந்த்
2.8.1998

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூன்று முறை நேரம் வாங்கினேன். மூன்று முறையும் காத்திருந்தோர் வரிசையில் நான் மட்டும் அமர்ந்திருந்தேன். மூன்றாம் முறை மருத்துவர் என்னையே நோயாளி என்று கருதி, "எத்தனை வருஷமா?" என்று கேட்டார்.

நேற்று சரசா வந்திருந்தாள். "அண்ணா, அவர் சொல்ற கெமிஸ்ட்ரியெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா கார்த்தாலே டம்ளரை ரெண்டு கையாலே பிடிச்சுக்கறாரே, அதுக்கு என்ன கெமிஸ்ட்ரி?" என்றாள். 'இன்னிக்கு மட்டும்' என்றீர்களாம். "நேத்திக்கும் இன்னிக்கு மட்டும்தானே?" என்றாளாம். அதற்குச் சிரித்தீர்களாம்.

எனக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. சொல்லாமல் செய்ய வேண்டியதுதான் மிஞ்சியிருக்கிறது.

விஸ்வேஸ்வரன்


சாகண்
15.10.1998

மைத்துனர் அவர்களுக்கு,

ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. எங்கள் ஆய்வுக்கூட ரவிசந்திரனுக்கு மாற்றல். நாசிக் ரோடு தாபாவில் விருந்து. இரண்டே பெக். பத்து நிமிடத்தில் முகம் அடுப்பில் வைத்தது போல் எரிந்தது. நெஞ்சு இடித்தது, வாந்தி, கண் இருண்டது. கம்பெனி டிரைவர் அப்துல் காதர் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியிருந்தது. மூன்று நாள் தீவிர சிகிச்சை.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். எதுவும் இல்லை என்றேன். பிறகு படுத்தபடியே கணக்குப் போட்டேன். இது சாராயத்தின் வேலை அல்ல. அசிட்டால்டிஹைடு பாதி வழியில் நின்றுவிட்டது. என் இரண்டாவது என்சைமை யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதைச் செய்வது டைசல்ஃபிரம் என்ற வெள்ளை மாத்திரை. பொடித்துக் காபியில் போட்டால் தெரியாது.

சரசாவைக் கேட்டேன். அழுகிறாள். அவள் பி.ஏ. வரலாறு. அந்தப் பெயர் அவளுக்கு எங்கிருந்து வரும்? எதையும் யாரைக் கேட்டுச் செய்வாள்?

நோயாளி அறியாமல் இதைக் கொடுக்கக் கூடாது என்று மாத்திரையோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கும். கூரியர்காரன் நீட்டும் ரசீதைக்கூட முழுவதும் படித்தே கையெழுத்துப் போடுபவர் நீங்கள்.

ஆறு நாளாக நான் குடிக்கவில்லை. பாராட்டாதீர்கள். இதன் பிடி பதினான்கு நாள் வரை உடம்பில் இருக்கும். விடுவதானால் நானே விட்டேன் என்று ஒருநாள் ப்ரீத்தியிடம் சொல்ல ஆசைப்பட்டிருந்தேன், நம்ப மாட்டீர்கள். இப்போது குடிக்காமலிருப்பது நானா, உங்கள் மாத்திரையா என்று எனக்கே தெரியாது. அதைத்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

எழுத்தில் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா?

பத்ரிநாத்


ஔந்த்
24.10.1998

பத்ரிநாத் அவர்களுக்கு,

1. விஸ்வேஸ்வரன் ஆகிய நான், எவருடைய தூண்டுதலுமின்றி எழுதித் தருவது:

2. தெரியும். மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் கேட்டறிந்தேன். "அவர் சம்மதம் வேண்டும், அழைத்து வாருங்கள்" என்றார் அவர். நான் வேறு வழியில் வாங்கினேன். பொடித்துக் கலக்கச் சரசாவுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானே.

3. அந்தத் தாளைப் படித்தேன். இரண்டு முறை. மாத்திரையின் மேல் குடித்தால் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பது நான்காம் பத்தியில் உள்ளது. தாளை மடித்து என் கோப்பில் வைத்துக்கொண்டு, மாத்திரையை மட்டும் அவளிடம் கொடுத்தேன். "சாப்பிட்டா குடிக்கத் தோணாது, அவ்வளவுதான்" என்றேன். ஆபத்தை அவள் அறியாள். இதைத் தாங்களே அவளுக்கு வாசித்துக் காட்டவும். எனக்குத் துணிவில்லை.

4. தங்கள் மீதும் அவள் மீதும் கொண்ட அன்பினால் செய்தேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். சலிப்பினால் செய்தேன். தங்களோடு வாதாடித் தோற்றுத் தோற்று, ஒரு முறையாவது தாங்கள் பதில் பேச முடியாமல் நிற்க வேண்டும் என்று விரும்பினேன்.

5. இந்தத் தாளைக் காவல் நிலையத்தில் கொடுக்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. நகல் எடுத்துக்கொள்ளவில்லை.

6. தாங்கள் குறிப்பிட்ட பதினான்கு நாட்கள் நேற்றோடு முடிந்தன. இன்று தங்கள் உடம்பில் என் கை இல்லை. மருத்துவரிடம் நான் நேரம் வாங்கவில்லை. இனி வாங்கவும் மாட்டேன். தாங்கள் அழைக்கும்வரை சாகணுக்கு வர மாட்டேன்.

7. சாட்சிக்கு நான் வரவழைத்த அப்துல் காதர், கையெழுத்திடுமுன் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "ஜீப்புல அவரு தலை என் மடியிலதான் சார் இருந்துச்சு" என்றார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டார்.

(ஒப்பம்) விஸ்வேஸ்வரன்

சாட்சிகள்:
1. கனகவல்லி, மேற்படியாரின் மனைவி
2. அப்துல் காதர், ஓட்டுநர், சாகண்