கதவுக்கு வெளியே வைத்த விளக்கு

உன் வீட்டு முன்னறையில் புளி போட்டுத் துலக்கிய பித்தளையின் வாடை அடித்தது. நிலவிளக்கு, ஆளுயரக் குத்துவிளக்கு, பளபளவென்று நின்றது. அதற்குப் பின்னால் மாலை போட்ட உன் படம். படத்தில் நீ ஆரஞ்சு நிற லேசர் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரிக்கிறாய். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மலருக்காக அந்தப் படம் எடுத்த நேரம் தவிர, அந்தக் கண்ணாடியை நீ ஆயுசில் போட்டதில்லை. போனவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் முறை. என்னிடம் அதெல்லாம் கிடையாது.

பாறசாலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நீ இயற்பியல் துறைக்குத் தலைவனாகிவிட்டாய். நான் அதே பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். தொண்ணூறுகளின் நடுவில் கட்டடத்துக்குக் கட்டடம் லேசர்கள் வந்து இறங்கின. பாதுகாப்புக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றி, அதை என் தலையில் கட்டினார்கள். ஆய்வகம் ஆய்வகமாக ஏறி இறங்கினேன். கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். வேதியியல்காரர்கள் கண் எரியாமலிருக்க அதைப் போட்டுக்கொண்டு உள்ளி அரிந்தார்கள். கதவைத் திறந்தால் கதிர் தானாக நிற்கும்படி சுவிட்ச் பொருத்தினேன். மறுநாளே அதை அமுக்கி டேப் ஒட்டிவிட்டார்கள். எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கிய மகான்கள். அவர்களுக்கெல்லாம் குரு நீ. "வெளிச்சத்துக்குப் பயப்படுதவன் என்னத்துக்குலே இந்த டிபார்ட்மென்டுக்கு வாறான்?" என்பாய். சுற்றி நிற்கும் மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நீ வாழ்ந்தாய்.

புது லேசர் அறையைத் திறக்கத் துணைவேந்தர் வருவதாக இருந்தது. விளக்கேற்றாமல் நம் ஊரில் எதைத் திறந்திருக்கிறோம்? அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீ விளக்கை அறைக்குள்ளே, லேசர் மேசையை ஒட்டி வைக்கச் சொன்னாய். விளக்கு எரியும்போதே பச்சைக் கதிர் அறையைக் குறுக்கே கடந்து சுவரில் விழ வேண்டுமாம்.

"பித்தளைலே. கதிர் பட்டா எங்கயும் தெறிக்கும். விளக்க வராந்தாவில வை."

"வராந்தாவில விளக்கு வைக்க இது என்ன, சாயாக்கடையா? நீ சும்ம இரு மக்கா."

"அப்ப எல்லாருக்கும் கண்ணாடியாவது குடு."

"வி.சி.க்கு கண்ணாடியா? வெல்டிங் பட்டறைக்கு வந்த மாதிரி இருக்கும்."

முந்தின நாள் ஒத்திகை. லேசர் ஓடிக்கொண்டிருக்கிறது, நீ திரியைச் சரிசெய்ய விளக்கின் மேல் குனிந்தாய். உன் கை பட்டு விளக்கு கொஞ்சம் அசைந்தது. "ஆ" என்று வலது கண்ணைப் பொத்தினாய். கேட்டதற்கு "தூசி" என்றாய். மறுநாள் விழாவில் திரியில் வைக்க வேண்டிய தீயைக் காற்றில் வைத்தாய். துணைவேந்தர் சிரித்தார், நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

அன்று மாலை ஊர் திரும்பும் ரயிலில், நெய்யாற்றின்கரை தாண்டியதும் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னையே பார்த்தாய்.

"உனக்க மூஞ்சி இல்லலே. காது ரெண்டும் உண்டு. நடுவில ஒண்ணும் இல்ல."

ஆஸ்பத்திரிக்குப் போ, நடந்ததைத் துறையில் சொல் என்றேன். நான் ஒட்டிய நூறு எச்சரிக்கைப் பலகைகளைவிட உன் ஒரு கண்ணை எல்லாரும் நம்புவார்கள் என்றேன்.

"ஆரிட்டயும் பறயாத. லேசர் படிச்சவன் விளக்குக்குக் குனிஞ்சு கண்ணக் களஞ்சான்னு சிரிப்பானுவ. நீ கேட்ட விதியெல்லாம் ஒப்புப் போட்டுத் தாறேன். போதுமா?"

கையெழுத்துப் போட்டாய். எல்லாத் துறைக்கும் விதிகள் போயின. கண்ணாடி, கதவுச் சுவிட்ச், வாசலில் சிவப்பு விளக்கு, சேரும்போது கண் பரிசோதனை. கூடவே ஒரு விதி: நிலவிளக்கு கதவுக்கு வெளியேதான். அதற்கு மட்டும் காரணம் யாருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது காரணத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். என் ஊர் காரோடு, நான் கிறிஸ்தவன். "காரோட்டு வேதக்காரன் வந்தான், விளக்கை வெளியே தள்ளிவிட்டான்" என்றார்கள். என் வீட்டிலும் உச்சியில் சிலுவை வைத்த விளக்கு உண்டு. அம்மச்சி தினமும் அதைக் கொளுத்துவாள் என்பது உனக்குத் தெரியும். ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. நீ சொல்லேன் என்று கேட்டேன்.

"ரெண்டு நாளு பேசுவானுவ, பொறவு மறப்பானுவ."

நான் ஓய்வு பெறும் வரை மறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், சிலர் முகத்துக்கு முன்னாலும். நான் சொல்லியிருந்தால் பழியைத் துடைக்கப் பொய் சொல்கிறான் என்பார்கள். சொல்ல வேண்டியது உன் கண், உன் வாய். நீயோ கூட்டங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாய். கோழை என்பதற்கு மேல் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

இன்று உன் முற்றத்தில் இரங்கல் கூட்டம். துறையிலிருந்து வந்தவர் நீதான் இந்தப் பாதுகாப்புத் திட்டத்தின் தந்தை என்றார். மடக்கு நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. ரெண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். விளக்கை, ஒத்திகையை, ரயிலை, என் மூஞ்சி இல்லாமல் போனதை, எல்லாவற்றையும். துறைக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல்படியில் இருந்த உன் மனைவிதான் பேசினாள்.

"அதாக்கும் எப்பளும் தலையச் சாச்சு வச்சு எனக்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் பிரியம்னுல்லா நெனச்சேன், அண்ணா."

அவளிடமும் சொல்லவில்லையாடா நீ? பிரியமும்தான் என்று அவளுக்குச் சொல்ல அங்கே நீ இல்லை. அதை நானா சொல்ல முடியும்?

உன் மேல் உள்ள வெறுப்பு அப்படியே இருக்கிறது, குறைத்துக்கொள்ள உத்தேசமில்லை. ஓய்வுக்குப் பிறகும் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு வகுப்பெடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். விதிகளை வாசிக்கும்போது பாதிப் பேர் கேட்பதில்லை. நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. உன் பழைய ஆய்வு மாணவர்கள் யாராவது அறைக்குள் வந்தால், அவர்கள் என்னைப் பார்க்கத் தலையைச் சாய்க்கிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். சாய்த்தால் வகுப்பை நிறுத்திவிட்டு, அவர்கள் கண்களை ஒவ்வொன்றாக என் கையால் மூடி, என் மூஞ்சி இருக்கிறதா என்று கேட்பேன்.