வெயில் குடிக்கும் வண்டி

பொகவந்தலாவை
19.11.2009

அன்பு மகன் கிஷாந்துக்கு,

கத்தாரில் உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க முருகன் துணை. இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூவரும் சுகம், நீ வாங்கிக் கொடுத்த கரண்ட் ஸ்கூட்டருக்குத்தான் சுகமில்லாமல் இருந்தது. போனில் சொல்ல ஆரம்பித்தாலே நீ சிரிக்கிறாய், லைனும் அறுந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தோட்டத்து லய வீடுகளுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை என்று கூரையில் சோலார் தகடு மாட்ட ஏற்பாடு செய்தாய் அல்லவா, அது வெயிலைக் குடிக்கும், அதில் வண்டி ஓடும் என்று மாட்ட வந்தவர் சொன்னபோதே எனக்குத் தலை சுற்றியது. வெயில் எப்படி வயருக்குள் போகும், போனது ராத்திரியில் எங்கே தங்கும் என்று கேட்டேன், பேட்டரியில் என்றார். சரி, நமக்கெதற்கு அந்த ஆராய்ச்சி என்று விட்டுவிட்டேன். ஆனாலும் ஓடியது. தங்கச்சி ஜீவராணி அதில் ஏறித்தான் மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். ஆயுத பூஜை கழிந்த பிறகுதான் வந்தது வினை. கோயில் வளைவு ஏறும்போதே வண்டி நின்றுவிடும், பிள்ளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளிக்கொண்டே போவாள். அவள் இன்னும் நிரந்தரமாகாத தொண்டர் ஆசிரியைதானே, இனியும் பிந்தி வந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடுவதாகப் பள்ளி அதிபர் சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. படித்த பிள்ளையும் என்னைப் போலத் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டி வந்துவிடுமோ என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

பனிமூட்டம்தான் காரணம் என்றார் அப்பா. பக்கத்து வீட்டுச் சோலைமலை அண்ணன், "கண்ணூறு தங்கச்சி, லயத்துல வேற யாருகிட்ட இப்படி வண்டி இருக்கு" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆயுத பூஜையன்று அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் வண்டிக்கும் சந்தனம் வைத்தபோது கூரைத் தகட்டையும் நான் விடவில்லை, மழை கழுவிவிடாதபடி நல்லெண்ணெயில் குழைத்துப் பட்டை பட்டையாகப் பூச வைத்தேன். அது போதவில்லை போலிருக்கிறது என்று அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் சோலைமலை அண்ணனைக் கூரையில் ஏற்றிவிட்டு மேலும் பூச வைத்தேன். பூசப் பூச வண்டி நிற்கிறது, நிற்க நிற்க நானும் பூசச் சொல்கிறேன், ஒன்றும் விளங்கவில்லை.

முந்தாநாள் ஜீவராணியே ஏணி வைத்து ஏறிவிட்டாள். "அம்மா, தகடு எங்கன்னே தெரியலம்மா, ஒங்க சந்தனமும் அடுப்புக் கரியும் அப்பிக் கெடக்கு, இதுல வெயிலு எப்புடி எறங்கும்" என்று மேலிருந்தே கத்தினாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நேற்று நல்ல வெயில். இன்று காலையில் வண்டி எங்கேயும் நிற்காமல் வளைவு ஏறியதாம், மணி அடிக்கும் முன்பே பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

சந்தோஷம்தான், ஆனாலும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. காப்பாற்றட்டும் என்று பூசியதே எப்படிக் கெடுக்கும்? இந்த மூட்டத்துக்குள்ளேயே நுழைந்து வருகிற வெளிச்சத்துக்குக் கொஞ்சம் சந்தனமா பெரிய தடை? இப்போது வெறுந்தகட்டைப் பார்த்தால் மனசு பதறுகிறது. "பொட்டு எனக்கு வைங்கம்மா, அதுக்கு வேணாம்" என்கிறாள் தங்கச்சி. அவளுக்கு வைக்காமலா இருக்கிறேன்? உன் நெற்றிதான் எனக்கு எட்டவில்லை மகனே. அந்தத் தகடு உன் உழைப்பு, அதில் பூசினால் உனக்கே பூசியது போல இருந்தது, அதனால்தான் அளவு தெரியாமல் போய்விட்டது. இனி எங்கே பூசுவேன், சொல்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும். கோயில் திருநீறு மடித்து இதற்குள் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் மறக்காமல் பூசிக்கொள், பூசினால் நீ ஒன்றும் பாதி வழியில் நின்றுவிட மாட்டாய்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா பேச்சியம்மா